வலது கன்னத்துக் காற்று

என் மனைவியின் பேச்சைக் கேட்டுத்தான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அப்போது இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தோம். நான் கட்டிங்கில். அவள், தைத்து வரும் பீஸ்களில் குறை பார்க்கிற செக்கிங் மேசையில். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அத்தனை தையல் மெஷின்களின் இரைச்சலையும் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் காலையிலிருந்து வேலை விடும்வரை வந்துகொண்டே இருக்கும். யாரையாவது கேலி செய்யும், கதை சொல்லும், நடுவில் தானே சிரித்துக்கொள்ளும். கதையின் பாதியில் மெஷின் சத்தம் ஏறிவிட்டால், பிறகு என்ன ஆனதென்று தெரியாமல் நான் கத்திரியோடு தவித்து நிற்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், “அந்த மாப்பிள்ளை கடைசியில தாலி கட்டுனானா இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், விட்ட இடத்திலிருந்து கதையைச் சொல்லி முடித்தாள்.

கல்யாணமாகி அதே ஊரில் ராயபுரத்தில் குடியேறினோம். ஒரே மகன். அவன் படித்து முடித்து இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான். அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே முதலிபாளையம் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் ஒன்றைத் தொடங்கியிருந்தோம். ஆட்களைக் கவனிப்பது அவள் பொறுப்பு. ஒடிசாவிலிருந்து வந்திருந்த பெண்களிடம் அவள் பேசிய இந்தி வேறு எந்த இந்திக்காரருக்கும் புரியாது. அந்தப் பெண்களுக்குப் புரிந்தது. அவர்களுக்கும் கொங்குத் தமிழில் பாதி வந்துவிட்டது.

ஒரு மாசி மாதக் காலையில் அது ஆரம்பித்தது. வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் என்ன என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் கையை மட்டும் காட்டினாள், இரு என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கரண்ட் அடித்தது போல இருந்ததென்றும், பல்லுக்குள்ளிருந்து கண் வரைக்கும் இழுத்ததென்றும் சொன்னாள். அன்று மாலை டீ குடிக்கும்போது மறுபடியும் வந்தது.

பல் வலி என்றே எல்லோரும் நினைத்தோம். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தை பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். இவள்தான் பிடிவாதமாக நின்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னாள். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. வேறொரு பல் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். மூன்றாவதாக ஒரு பல்லை எடுக்க இவள் வாயைத் திறந்தபோது, அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்று பொறுமையாகக் கேட்டது. பிறகு, இது பல்லே இல்லை, நரம்பு என்று சொல்லிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்தது.

கோயம்புத்தூர் நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். முகத்தின் உணர்ச்சிக்கென்று ஒரு நரம்பு இருக்கிறதாம். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு மூன்று கிளையாகப் பிரிந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்கும் போகிறது. அது புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசிக்கொண்டு துடிக்கிறது. துடித்துத் துடித்து நரம்பின் மேலுறை தேய்ந்துவிட்டது. அதனால்தான் இலேசாகத் தொட்டால்கூட ஷாக் அடிக்கிறது என்றார். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையைத்தான் இதற்கும் கொடுப்பார்களாம். கொடுத்தார். வலி சுத்தமாக நின்றது. அந்த வருஷம் முழுக்க அவள் பழையபடி பேசிக்கொண்டிருந்தாள். நானும் அந்த நோயை ஏறக்குறைய மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அது திரும்பி வந்தது. மாத்திரை கூடியது, பிறகு இன்னும் கூடியது. வலி மட்டும் மாத்திரைக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் கழுவ முடியாது. தலை வாரும்போது ஒரு முடி கன்னத்தில் விழுந்தால் போதும். இடது பாதியை மட்டும் ஈரத் துணியால் துடைத்துக்கொள்வாள். வலது பாதியில் பனியன் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஸ்கூட்டரில் வருவதை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒருபக்கமாக உட்காரும்போது வலது கன்னம்தான் எதிர்காற்றைப் பார்க்கும். முகத்தைச் சால்வையால் சுற்றினாலும் வலிக்கும் என்பதால், கையைக் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மறைப்பாக வைத்துக்கொண்டு, ஜன்னல் சாத்திய பஸ்ஸில் வருவாள்.

எல்லாவற்றையும்விட, பேசினால் வலித்தது. உதடு அசைந்தால் போதும். முதலில் நீளமான கதைகள் நின்றன. பிறகு கேள்விகள் நின்றன. கடைசியில் தலையாட்டலும் கைச்சாடையும் மட்டும் மிஞ்சின. யூனிட்டில் சித்திரை வெயிலிலும் அவள் மேசைக்கு மேலே இருந்த மின்விசிறியை அந்த ஒடிசாப் பெண்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள். அந்த வரிசையில் இருந்த எல்லோரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு தைத்தார்கள். ஒருவரும் முனகவில்லை.

நான் என்ன ஆனேன் என்பதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சாப்பிடும்போது தட்டில் விரல் படுகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் இருக்கிறதென்பதே எனக்கு அதுவரை தெரியாது. பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது ஒரு பெண் விடாமல் பேசிக்கொண்டு வந்தால், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் போனில் அவளுடைய பழைய வாய்ஸ் மெசேஜ்கள் கிடந்தன. கோன் நூல் வாங்கி வாருங்கள், வெள்ளை வேண்டாம் பழுப்பு வெள்ளைதான் வேண்டும், வருகிற வழியில் பச்சைமிளகாய், கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தீர்கள் என்று எல்லாம் இந்த மாதிரிதான். நூல் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவற்றைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். நடுவில் ஒன்றில் எதற்கோ சிரித்திருந்தாள். எதற்கென்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவளிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அவள் பதில் சொல்ல முயற்சி செய்வாள்.

ஒருநாள் யூனிட்டில் எழுந்து நின்றவள் அப்படியே துணிக் கட்டுகளின் மேல் சாய்ந்துவிட்டாள். மாத்திரையின் அளவு கூடிப்போய் ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நரம்பு டாக்டர், இனி மாத்திரையை நம்பிப் பயனில்லை என்று ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டர் நரைத்த மீசையோடு, மெல்லப் பேசுகிறவர். வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது, காட்டுங்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் விரலைத் தூக்கித் தன் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினாள். தொட முடியவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் வலது கன்னத்தில் விரலை வைத்தாள். மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை மெதுவாக இழுத்தாள். அங்கிருந்து காதுக்கு முன்னால் கொண்டுபோய், தாடையோரமாக இறக்கி, மோவாயில் விட்டாள். டாக்டர் கவனமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் தொட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்தில் போனால் மூச்சுக்காற்று படும் என்று நான் விலகியே இருக்கப் பழகிவிட்டிருந்தேன். அறையை விட்டு வெளியே வந்த பிறகும் அவள் விரல் போன வழி என் முகத்தில் இருந்தது.

மூன்று வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். ஒன்று, கன்னத்தின் வழியாக நீளமான ஊசியை நரம்பு வரை செலுத்தி, சூடு வைத்தோ சின்ன பலூனை ஊதி அமுக்கியோ நரம்பை மழுங்கச் செய்வது. ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம். வலி உடனே நிற்கும். ஆனால் கன்னம் மரத்துப் போகும், சில வருஷங்களில் வலி திரும்பி வரலாம், வந்தால் மறுபடியும் செய்யலாம். இரண்டாவது, கத்தியே இல்லாமல் வெளியிலிருந்து கதிர்களை அந்த இடத்தில் குவிப்பது. பெரிய ஊர்களுக்குப் போக வேண்டும். பலன் தெரிய வாரமோ மாதமோ ஆகும், அதிலும் மரத்துப் போக வாய்ப்பு உண்டு. மூன்றாவது, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னதாகத் திறந்து, உரசுகிற ரத்தக்குழாயை நரம்பிலிருந்து நகர்த்தி, இடையில் பஞ்சு போன்ற ஒரு துண்டை வைப்பது. நரம்பை அழிக்காத வழி இது ஒன்றுதான். நீண்ட நாள் தாங்குவதும் பெரும்பாலும் இதுதான். ஆபத்து அதிகமுள்ளதும் இதுதான் என்று சொல்லி, காது கேளாமல் போவதிலிருந்து உயிர் வரைக்கும் ஒவ்வொன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போயி யோசிங்க. எது சரின்னு நான் சொல்லீருவேன். ஆனா எதோட வாழ முடியும்னு அவங்கதான் சொல்லோணும்,” என்றார்.

வெளியே பெஞ்சில் தாராபுரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். அவருக்கும் இதே நோய்தான். ஊசி வழியில் இரண்டு தடவை செய்துகொண்டவர். எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். அவர் இடது கன்னத்தைத் தட்டிக் காட்டினார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. சவரம் பண்ணும்போது வெட்டினால் கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும் என்றும், சோறு கன்னத்தில் ஒட்டியிருப்பதை மருமகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் வலியில்லாமல் சாப்பிடுகிறாராம், வயசான காலத்தில் தலையைத் திறந்துகொண்டு படுக்க வேண்டியதில்லையாம், தனக்கு இது போதும் என்றார். கடைசியாக என் மனைவியைப் பார்த்து, “நீ சின்ன வயசு கண்ணு. நல்லா ரோசன பண்ணிக்க,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவளுடைய அண்ணன்மார் இருவரும் தலையைத் திறக்கிற பேச்சே வேண்டாம் என்றார்கள். மகன் சென்னையிலிருந்து இணையத்தில் படித்ததையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு முறையும் வேறு வேறு முடிவோடு. எனக்கு ஊசிதான் சரி என்று பட்டது. அதற்கு என் பயம்தான் காரணம். கன்னம் மரத்துப் போனால் என்ன, அவள் பேசுவாள். எனக்கு வேண்டியது அதுதான்.

மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவளால் பேச முடிகிற ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். சாப்பிடுவதற்காகத்தான் அதைச் சேர்த்து வைப்பாள். அன்று சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் முந்திக்கொண்டு, ஊசியே போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

“எனக்கு நீ இருந்தாப் போதும் அம்மிணி. மொகம் மரத்துப் போனா என்ன?”

“மரத்துப் போச்சுன்னா நீங்க தொட்டாக்கூட எனக்குத் தெரியாதுங்க,” என்றாள். உதட்டை அசைக்காமல், பல்லுக்கிடையில் பேசினாள். “வெறும் வலி போறதுக்கா நான் காத்துட்டு இருக்கறேன்? தண்ணி ஊத்துனா சில்லுன்னு இருக்கோணும். காத்தடிச்சாத் தெரியோணும். எம்பட மொகம் எனக்குத் திரும்பி வேணுமுங்க.”

அதற்குள் வலி வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அது போகும்வரை இருந்தாள். மறுநாள் அவள் அண்ணன்மாருக்கு நானே போன் செய்து, திறந்துதான் செய்யப் போகிறோம் என்று சொன்னேன்.

ஆபரேஷன் அன்று யூனிட்டை மூடினோம். நானும் மகனும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். அவன் அடிக்கடி எழுந்துபோய் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். யாரும் குடிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் வளைந்து ஏறிப் படுத்திருந்ததென்றும், அதைப் பிரித்து எடுத்து நடுவில் மெத்தை போல வைத்துவிட்டதாகவும் சொல்லி, தன் விரலின் மேல் இன்னொரு விரலை மடித்துப் போட்டுக் காட்டினார்.

அன்று அவளைப் பார்த்தபோது தலையில் பெரிய கட்டு, வாந்தி, கண் திறக்க முடியாத மயக்கம். அடுத்த நாள் வார்டுக்கு மாற்றினார்கள். நான் போனபோது விழித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலது கையை மெல்லத் தூக்கினாள். ஒரு விரலைக் கன்னத்தின் மேல் வைத்தாள். அவள் முகம் மாறவில்லை. விரலை நகர்த்தினாள். பிறகு நாலு விரலையும் வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் கன்னத்தில் பதித்து, அழுத்தி, அப்படியே வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் அந்தக் கை மேலேயே ஓடியது.

“காத்து வருதுங்க,” என்றாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பேசினாள். மயக்க மருந்து கொடுத்தவருடைய ஊரில் ஆரம்பித்து, பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கல்யாணம், தனக்குக் கொடுத்த கஞ்சியில் உப்பில்லாதது, ஷிப்மெண்ட் என்ன ஆனது என்று போய்க்கொண்டே இருந்தது. ஓய்வெடுக்கச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை வந்துவிட்டுப் போனாள். நான் நடுவில் குறுக்கிடவே இல்லை. முதன்முதலாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றவன்போல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காது விஷயம் அதற்கடுத்த நாள் தெரிந்தது. நான் கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்து, மகன் டீ வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மறுபடியும் சொன்னேன். தூங்குகிறாள் என்று குனிந்து பார்த்தால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள். போனை எடுத்து வலது காதில் வைத்துப் பார்த்தாள். இடது காதுக்கு மாற்றினாள். திரும்ப வலது காதில் வைத்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் முன்பே சொல்லியிருந்ததுதான். கேட்கும் நரம்பு பக்கத்திலேயே ஒட்டிப் போகிறதாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு அது அடிபட்டுவிடும் என்றார். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் திரும்பலாம் என்று சில மாதம் காத்திருந்தோம். திரும்பவில்லை. அவள் ஒரே ஒரு முறை அழுதாள், வீட்டுக்கு வந்த பிறகு, சமையலறையில். நான் உள்ளே போனது அவளுக்குக் கேட்கவில்லை. அதனால் பின்னால் நின்றுகொண்டிருந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் தையல் ஆறிவிட்டதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். ஆறிவிட்டது என்றேன். குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது. வந்தபோது ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது.

இப்போது யூனிட்டில் யாராவது கூப்பிட்டால் அவளுக்குத் திசை தெரிவதில்லை. எதிர்ப்பக்கம் திரும்பித் தேடுவாள். பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவிடுவாள். மின்விசிறி மறுபடியும் அவள் மேசைக்கு மேலே ஓடுகிறது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து முதலிபாளையம் போய்ச் சேரும்வரை பேசுகிறாள். அவளுடைய கேளாத காதுதான் என் பக்கம் இருக்கும் என்பதால் நான் என்ன பதில் சொன்னாலும் போய்ச் சேராது. தலையை மட்டும் ஆட்டுகிறேன். சில சமயம் எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். சிக்னலில் நிற்கும்போது திரும்பிச் சொல்லலாம் என்று வைத்திருப்பேன். சிக்னல் வருவதற்குள் அவள் வேறு விஷயத்துக்குப் போயிருப்பாள்.

வலி திரும்பி வரவில்லை. சிலருக்கு வருஷங்கள் கழித்து வருவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மாத்திரை வேண்டாம் என்று எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் பாய் விரித்துப் படுப்பாள். வலது கன்னம் மேலே இருக்கும்படி, கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திக்கொள்வாள். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிற மெஷின்கள் உண்டு. பக்கத்து வீட்டில் தைப்பார்கள், எதிரே பழைய துணி வண்டிக்காரன் ஒலிபெருக்கியோடு வருவான். அவளுக்கு எதுவும் கேட்காது. நெற்றி முடி சரிந்து கன்னத்தில் கிடக்கும். அதற்குக்கூட விழிக்க மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஏதாவது அப்போதுதான் நினைவுக்கு வரும். எழுப்ப மனம் வராது. அவள் மறுபக்கம் திரும்பிப் படுக்கட்டும் என்று காத்துக்கொண்டிருப்பேன்.